இருபத்தைந்து மதிப்பெண்ணை யாரிடம் கேட்பது?

கல்லூரிகள் திறந்துவிட்டன. ஜெகதாப்பட்டினத்தில் காலை பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் புது முகங்கள் தெரிகின்றன. சிலர் அறந்தாங்கிக்கு, சிலர் புதுக்கோட்டைக்கு. ஓரிருவர் பெட்டி படுக்கையோடு ராஜாமடத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிக்குப் போகிறார்கள். இவர்களில் தலித் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கும் வீட்டில் முன்பு கல்லூரிக்குப் போன ஆள் கிடையாது. தாய் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். தந்தை மீன் ஏலக்கூடத்தில் சுமை தூக்குகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர். பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, கட்டணத்துக்கு உதவித்தொகை வந்துவிடும், இனி மூன்று வருடமோ நான்கு வருடமோ கழித்துப் பட்டம்தான் என்று வீடு நினைக்கிறது.

முதல் பருவத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. அதன் பெயர் நுண்கணிதம். கல்லூரியில் கால்குலஸ் என்பார்கள். கணிதம் எடுத்தவருக்கு அது முதன்மைப் பாடம், இயற்பியல் எடுத்தவருக்குத் துணைப்பாடத்தில் வரும், பொறியியல் மாணவருக்கு முதல் கணிதத் தாளிலேயே வந்துவிடும். அரியர் என்ற சொல் நம் பிள்ளைகள் பலரின் வாழ்க்கையில் இந்த வாசலில்தான் நுழைகிறது. அந்தப் பாடம் எப்படி நடத்தப்படுகிறது, அதற்கு எப்படி மதிப்பெண் போடப்படுகிறது என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இன்று இதை எழுதுகிறோம்.

நுண்கணிதம் என்றால் ஏதோ வானத்திலிருந்து இறங்கிய வித்தை அல்ல. விசைப்படகு கரையிலிருந்து கிளம்பி மூன்று மணி நேரத்தில் 12 கடல் மைல் போனால், மணிக்கு 4 மைல் என்று நம் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். அது சராசரி. இலங்கைக் கடல் எல்லைக்குப் பக்கத்தில் ஜிபிஎஸ் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் படகு ஓட்டுநருக்குச் சராசரியால் பயனில்லை. இந்த நொடியில் படகு என்ன வேகத்தில் போகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். அந்த நொடியின் வேகத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு வகை நுண்கணிதம். நொடிக்கு நொடி மாறும் வேகத்தை எல்லாம் கூட்டி, மொத்தம் எவ்வளவு தூரம் வந்தோம் என்று திரும்பப் பெறுவது தொகை நுண்கணிதம். இவ்வளவுதான் அடிப்படை. இது நம் பிள்ளைகளுக்கு வராது என்று சொல்கிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதன் அண்மைய பாடத்திட்டங்களில் ஒரு தாளுக்கு 100 மதிப்பெண். அதில் 75 பருவ இறுதித் தேர்வுக்கு, 25 உள்மதிப்பீட்டுக்கு. உள்மதிப்பீடு என்பது கல்லூரிக்குள் நடக்கும் தேர்வு, அசைன்மென்ட், செமினார் ஆகியவற்றுக்குப் பாட ஆசிரியர் போடும் மதிப்பெண். தேர்ச்சிக்கு இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம் எடுக்க வேண்டும். அதாவது இறுதித் தேர்வில் 30, உள்மதிப்பீட்டில் 10.

இந்தத் 'தனித்தனியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மாணவி இறுதித் தேர்வில் 36 எடுக்கிறார், உள்மதிப்பீட்டில் 9. மொத்தம் 45, ஆனாலும் தேர்ச்சி இல்லை. அவர் விழுந்தது பல்கலைக்கழகத் தேர்வில் அல்ல, வகுப்பறையில்.

பொறியியலில் கணக்கு வேறு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2017 விதிமுறைப்படி உள்மதிப்பீடு 20, இறுதித் தேர்வு 80 என்று இருந்தது. 2021 விதிமுறையில் எழுத்துத் தாள்களுக்கு அது 40, 60 ஆனது. இறுதித் தேர்வை நூற்றுக்கு எழுதி அறுபதுக்குக் குறைத்துக்கொள்வார்கள். அதில் குறைந்தது 45 வேண்டும், இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நூற்றுக்கு 45 எடுக்கிறார், அது 27 ஆகும். உள்மதிப்பீட்டில் அவருக்கு 36. மொத்தம் 63, நல்ல தேர்ச்சி. இன்னொருவர் நூற்றுக்கு 50 எடுக்கிறார், அது 30 ஆகும். உள்மதிப்பீட்டில் 18. மொத்தம் 48, அரியர். தேர்வில் அதிகம் எடுத்தவர் தோற்கிறார், குறைவாக எடுத்தவர் ஜெயிக்கிறார். விதியில் தவறு ஒன்றும் நடக்கவில்லை. அந்த 36க்கும் 18க்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

இறுதித் தேர்வு விடைத்தாளில் பெயர் தெரியாது. திருத்துகிறவருக்கு எழுதியவர் எந்தத் தெரு, எந்த விடுதி என்று தெரிய வழியில்லை. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். உள்மதிப்பீட்டில் எல்லாம் தெரியும். பெயர் தெரியும், ஊர் தெரியும், உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்த முகமும் தெரியும். மறுமதிப்பீடு என்ற பேச்சு பெரும்பாலும் கிடையாது. மிக அதிகமாக முகம் தெரிகிற இடத்தில்தான் மிகக் குறைவாகக் கேள்வி கேட்க முடிகிறது.

ஆசிரியர்கள் எல்லாரும் சாதி பார்க்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. தன் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களால் மேலே வந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் நல்லவர் வந்தால் நியாயம், இல்லாவிட்டால் தலையெழுத்து என்று ஒரு முறை இருக்கக் கூடாது. 2006இல் மத்திய அரசு அமைத்த சுகதேவ் தோரட் குழு, டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் படும் பாகுபாட்டை விசாரித்து அறிக்கை கொடுத்தது. முகத்துக்கு முகம் நடக்கும் வாய்மொழித் தேர்வுகளில் சாதி எப்படி நுழைகிறது என்று மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியிலேயே அப்படி என்றால், மற்ற இடங்களில் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் 2022 டிசம்பரில் நடந்ததை உலகமே பார்த்தது. மதிப்பெண் பதிவேட்டில் 12 என்பது 9 ஆனால் யார் பார்ப்பார்கள்?

அதற்காக உள்மதிப்பீட்டை எடுத்துவிடச் சொல்வது நம் பிள்ளைகளுக்கே கேடு. ஐந்து மாதம் படித்ததை மூன்று மணி நேரத்தில் மட்டும் அளப்பது, டியூஷன் வசதியும் தேர்வுப் பழக்கமும் உள்ளவர்களுக்குத்தான் சாதகம். மாதம் ஒரு சிறு தேர்வு வைத்து, ஒரு வாரத்தில் திருத்திக் கையில் கொடுத்து, இந்த வரியில் தவறினாய் என்று சொன்னால், முதல் தலைமுறைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. உள்மதிப்பீடு அதற்காகத்தான் கொண்டுவரப்பட்டது. பல இடங்களில் நடப்பதோ, தேர்வு எழுதிய தாள் திரும்ப வருவதில்லை, பருவம் முடியும்போது ஓர் எண் மட்டும் வருகிறது. அந்த எண் படிப்புக்கா, வருகைக்கா, வாயடக்கத்துக்கா என்பது யாருக்கும் தெரியாது.

நேரம் என்ற இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2021 விதிமுறையின் முதல் பருவப் பொறியியல் கணிதத் தாளுக்கு 'அணிகளும் நுண்கணிதமும்' என்று பொருள்படும் பெயர். ஐந்து அலகுகள், மொத்தம் 60 மணி நேரம். அலகுக்கு 12 மணி நேரம், அதில் ஒன்பது மணி விரிவுரை, மூன்று மணி டுடோரியல். வகை நுண்கணிதம் முழுவதற்கும் 12 மணி நேரம் என்றால், மாணவர் அதைப் பள்ளியிலேயே பழகிவிட்டார் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட்டிருக்கிறார்கள். பழகினாரா?

எல்லைகள், வகையிடல், தொகையிடல் எல்லாம் +1 கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில்தான் தொடங்குகின்றன. +1 பாடத்தையே நடத்தாமல் நேராக +2 பாடத்துக்குத் தாவும் பழக்கம் முன்பு பல தனியார் பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் +1க்குப் பொதுத்தேர்வு வந்தது, முதல் தேர்வு 2018 மார்ச்சில். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை 2025-26 முதல் நீக்கிவிட்டது. பிள்ளைகள் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆள் பற்றாக்குறையுள்ள ஒரு கிராமப் பள்ளியில் ஆண்டுக் கடைசியில் எந்தப் பாடம் ஓரம்கட்டப்படும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் தொகுதியின் அந்த அதிகாரங்கள் ஓரம்கட்டப்பட்டால் கல்லூரியின் முதல் பருவத்தில் தெரியும். தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் இதை இந்த ஆண்டே கேட்க வேண்டும். குழுவில் நம் தாய்மார்கள் இருக்கிறார்கள். ரெண்டாவது புத்தகம் முடிஞ்சுதா சார் என்று கேட்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

பொறியியல் கலந்தாய்வில் நமக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அருந்ததியர் உள்ஒதுக்கீட்டில் நிரம்பாத இடங்களைப் பிற பட்டியல் சாதியினருக்குக் கொடுக்கும் சுற்று, துணைக் கலந்தாய்வும் முடிந்த பிறகு கடைசியில்தான் நடக்கிறது. 2025இல் அது ஆகஸ்ட் மாதக் கடைசியில் நடந்தது. சில கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் அதற்குள் தொடங்கிவிட்டன. அப்படிச் சேர்கிற மாணவர் உள்ளே நுழையும்போது முதல் அலகு ஓடிக்கொண்டிருக்கும், முதல் உள்தேர்வு வாசலில் நிற்கும். தவறவிட்ட வகுப்புகளுக்கு ஈடு என்ன என்று கல்லூரி அவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இடஒதுக்கீட்டில் கடைசி இடத்தையும் நிரப்பிவிட்டோம் என்பது மட்டும் சாதனை ஆகாது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வழியில் வகையிடல், வகைக்கெழு, சார்பு என்று படித்த பிள்ளை, கல்லூரியில் டிஃபரன்சியேஷன், டெரிவேட்டிவ், ஃபங்ஷன் என்று கேட்டதும் தெரிந்த கணக்கையே தெரியாததாக நினைத்துக்கொள்கிறது. நாராயணனும் மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதிய கால்குலஸ் புத்தகம் தமிழகக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் புழங்குவது. எழுதியவர்கள் நம்மவர்கள், புத்தகம் ஆங்கிலம். இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. +1, +2 கணிதப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே கணக்குகளோடு அச்சாகின்றன, இரண்டையும் அரசே இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து நாள் படித்தால் சொற்கள் பிடிபட்டுவிடும். பயமும் பாதி போய்விடும்.

தலித் பிள்ளைகளுக்குக் கணக்கு வராததற்குக் காரணம் வீட்டுச் சூழல், ஆர்வமின்மை, அடித்தளம் சரியில்லை என்று சொல்வது கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. இதே பேச்சை அமெரிக்காவிலும் பேசியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் கறுப்பின மாணவர்கள் முதலாண்டு கால்குலஸில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டால் மேலே சொன்ன அதே காரணங்கள். ஊரி டிரைஸ்மன் என்ற கணிதக்காரர் மட்டும் அதை நம்பாமல், கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார்.

கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் இல்லை. பலர் தங்கள் பள்ளியில் முதலிடம் பிடித்து வந்தவர்கள். வகுப்புக்குத் தவறாமல் போனார்கள், வீட்டுப்பாடத்தை நேரத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். நண்பர்கள் வேறு, படிப்பு வேறு என்று வைத்திருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ தனியாகக் கொஞ்சம் படித்துவிட்டு, இரவில் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள், பழைய கேள்வித்தாள்களை வைத்து ஒருவரை ஒருவர் சோதித்தார்கள். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தேர்வுக்கு முன்பே தெரிந்திருந்தது. கறுப்பின மாணவருக்கு அது தேர்வு முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது.

டிரைஸ்மன் செய்த மருத்துவத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. தோற்றவர்களுக்கு எளிய கணக்குகள் கொடுக்கும் ரெமிடியல் வகுப்பை அவர் நடத்தவில்லை. பாடத்தில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்காரவைத்து, சேர்ந்து மோதிப் பாருங்கள் என்றார். தோற்பவர்கள் கூட்டம் என்ற பெயர் அதற்கு வரவில்லை, கெட்டிக்காரர்கள் கூட்டம் என்ற பெயர்தான் வந்தது. அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தோல்வி வெகுவாகக் குறைந்தது. 1992இல் அவர் இதை எழுதி வெளியிட்ட பிறகு அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

இங்கே பட்டியல் சாதி மாணவர்களுக்கு என்று நடந்த உதவி பெரும்பாலும் ரெமிடியல் என்ற பெயரில்தான் நடந்தது. ஐ.ஐ.டி.களில் ஓராண்டு ஆயத்தப் படிப்பு உண்டு, பல்கலைக்கழக மானியக் குழு பணம் கொடுத்து நடத்திய ரெமிடியல் கோச்சிங் உண்டு. அவற்றால் பலன் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் 'எஸ்.சி. பசங்க மட்டும் இருங்க' என்று அறிவிப்பு வந்தால், நம் பிள்ளை கடைசி பஸ்ஸைக் காரணம் காட்டிப் போய்விடும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. கடைசி பஸ் உண்மையிலேயே ஒரு காரணம் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே டுடோரியல் மணியைப் பகலிலேயே வைத்து, எல்லா மாணவர்களையும் கலந்து உட்காரவைத்து நடத்த வேண்டும். அட்டவணையில் டுடோரியல் என்று எழுதிவிட்டு, அந்த நேரத்திலும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பிள்ளைகள் பார்த்து எழுதுவதால் பயனில்லை.

விடுதிகளில் இதை இன்றே தொடங்கலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025இல் 'சமூகநீதி விடுதி' என்று அரசு புதுப்பெயர் வைத்தது. பெயரோடு, இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை ஒரு பெரிய மேசையும் ஒரு கரும்பலகையும், இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு அண்ணன் அக்காக்கள் இருவரும் இருந்தால் போதும். ஊரில் இருந்து போய்வரும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நம் சமுதாயக் கூடம் சும்மாதான் இருக்கிறது.

கல்லூரிகளிடம் நாம் கேட்பது அதிகம் இல்லை. உள்தேர்வு விடைத்தாளை ஒரு வாரத்தில் மாணவர் கையில் கொடுங்கள். 25 என்றாலும் 40 என்றாலும் எதற்கு எவ்வளவு என்று பிரித்து, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஆட்சேபம் இருந்தால் அந்தப் பாட ஆசிரியர் அல்லாத வேறு இருவர் பார்க்கட்டும். பல்கலைக்கழகம் ஒன்று செய்ய வேண்டும்: முதல் பருவக் கணிதத் தாளில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், உள்மதிப்பீட்டில் மட்டும் தவறியவர் எத்தனை பேர் என்பதைப் பெயர் இல்லாமல், கல்லூரி வாரியாக, வகுப்புவாரிப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேர்க்கையில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று சொல்ல முடிகிறவர்களுக்கு, தேர்ச்சியில் எத்தனை பேர் என்று சொல்வது கஷ்டமாக இருக்காது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு. முதலில் ஆசிரியரிடமே கேளுங்கள், 'சார், என் பேப்பரைப் பார்க்கலாமா?' என்று மரியாதையாக. பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் துறைத் தலைவர், பிறகு முதல்வர், எழுத்தில், தேதியோடு, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு. 2012ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், கல்லூரியில் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று சொல்லின. உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று அறிவிப்புப் பலகையில் தேடுங்கள், இல்லையென்றால் அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு சிபிஎஸ்இ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசுக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் கிடையாது. 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வாரோ, அடுத்த பருவத்தில் கை வைத்துவிடுவாரோ என்ற பயம் வரும். நியாயமான பயம்தான். அதனால்தான் ஒருவராகக் கேட்காமல் வகுப்பில் நாலைந்து பேராகக் கேளுங்கள் என்கிறோம், எந்தச் சாதி என்று பார்க்காமல். விடைத்தாள் திரும்ப வராதது எல்லாருக்கும்தானே வரவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேலை. முதல் உள்தேர்வு ஆறேழு வாரத்தில் வந்துவிடும். அது முடிந்து பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது, எவ்வளவு மார்க் என்று கேட்காதீர்கள். திருத்தின பேப்பரைக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.